பட்டாம்பூச்சி விசைப்பலகை: ஒரு விசைக்காகப் பாதிக் கணினியை மாற்றிய கதை

வாரண்டி முடிந்த ஒரு மேக்புக் புரோவில் ஸ்பேஸ் பார் மக்கர் செய்தால், அதைச் சரிசெய்ய 2017இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 700 டாலர் ஆனது. ஸ்பேஸ் பார் என்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. அதன் அடியில் புகுந்தது ஒரு தூசித் துகளாக இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டையை மட்டும் மாற்றித் தரமாட்டார்கள். விசைப்பலகையை மட்டும் தனியாகவும் மாற்றித் தரமாட்டார்கள். அலுமினிய மேற்கூடு, அதில் ரிவிட் அடித்துப் பொருத்திய விசைப்பலகை, அதே கூட்டில் பசைபோட்டு ஒட்டிய பேட்டரி மூன்றும் ஒரே உதிரிபாகம். மூன்றும் சேர்ந்தே போகும், மூன்றும் சேர்ந்தே புதிதாக வரும்.

ஆப்பிள் நிறுவனம் 2015 முதல் 2020 வரை விற்ற மடிக்கணினிகளில் இடம்பெற்ற 'பட்டாம்பூச்சி' விசைப்பலகையின் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. ஒல்லியாக்கும் மோகத்தில் கோட்டை விட்டார்கள் என்பதுதான் வழக்கமான தீர்ப்பு. அது சரிதான், ஆனால் பாதிதான். ஒல்லியான விசையை வடிவமைத்து அது சரிவராமல் போவது எந்த நிறுவனத்துக்கும் நேரக்கூடிய தவறு. அந்தத் தவறை ஓராண்டில் ஓசையின்றித் திருத்தியிருக்கலாம். அது ஐந்தாண்டு இழுபறியாகவும் 5 கோடி டாலர் வழக்குச் சமரசமாகவும் வளர்ந்ததற்குக் காரணம், பழுதாகக்கூடிய உறுப்பைப் பழுதாகாத உறுப்புகளோடு பிரிக்க முடியாதபடி பிணைத்துவைத்ததுதான் என்பது என் கணிப்பு.

அரை மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது

2015 மார்ச் 9 அன்று 12 அங்குல மேக்புக்கை மேடையில் அறிமுகம் செய்த ஆப்பிளின் சந்தைப்படுத்தல் தலைவர் பில் ஷில்லர், விசைப்பலகையைத் தனியாக எடுத்துப் பேசினார். கணினியின் தடிமன் 13.1 மில்லிமீட்டர்; எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அந்த ஒல்லிக்கு வழக்கமான விசை ஒத்துவராது என்பதால் புதிதாக ஒன்றைச் செய்திருக்கிறோம் என்றார். பழையதைவிட 40 சதவீதம் மெலிது, நான்கு மடங்கு ஆட்டமில்லாதது என்பது நிறுவனத்தின் கூற்று.

வழக்கமான மடிக்கணினி விசையின் அடியில் இரண்டு பிளாஸ்டிக் கைகள் கத்தரிக்கோல் போலக் குறுக்காகப் பிணைந்திருக்கும். நடுவில் ஒரு ரப்பர் குமிழ். விரலால் அழுத்தினால் கைகள் மடங்கும், ரப்பர் அமுங்கும், எடுத்தால் மேலே வரும். இந்த அமைப்பில் இண்டு இடுக்கு ஏராளம். ரொட்டித் துணுக்கு விழுந்தால் பக்கவாட்டில் ஒதுங்கிக்கொள்ளும். கணினியைக் கவிழ்த்துத் தட்டினால் வெளியே வந்துவிடும்.

பட்டாம்பூச்சி அமைப்பில் கத்தரிக் கைகளுக்குப் பதிலாக நடுவில் கீல்போட்ட இரண்டு இறகுகள். ரப்பருக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகில் ஒரு சின்னக் குமிழ். விசை கீழே இறங்கும் தூரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இறகு நான்கு மூலைகளையும் சமமாகத் தாங்குவதால் விசை ஓரத்தில் அழுத்தினாலும் சாயாது. தட்டச்சு செய்பவருக்கு அது ஒரு நல்ல குணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைக்கும் அந்த விசையின் இறுக்கத்தை விரும்பியவர்கள் இருக்கிறார்கள். சிக்கல் அந்த அரை மில்லிமீட்டரிலேயே இருந்தது. இறகுக்கு அடியில் மணல் போன்ற துகள் ஒன்று புகுந்தால் ஒதுங்குவதற்கு அதற்கு இடமில்லை. இறகு முழுவதும் இறங்காது, அல்லது இறங்கிய இடத்திலேயே நிற்கும். எஃகுக் குமிழின் தொடுகை சீராக இல்லாவிட்டால் ஒருமுறை அழுத்தியதை இரண்டு முறையாகக் கணினி எடுத்துக்கொள்ளும்.

12 அங்குல மேக்புக் ஊர் ஊராகப் பயணம் செய்பவர்களுக்கான இரண்டாவது கணினி. அதில் மட்டும் இது இருந்திருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் போயிருக்காது. 2016 அக்டோபரில் அதே அமைப்பின் இரண்டாம் தலைமுறையை மேக்புக் புரோவிலும் கொண்டுவந்தார்கள். நிரலாளர்கள், பத்திரிகையாளர்கள், எழுத்தாளர்கள் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கும் கணினி அது. (எஸ்கேப் விசையையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் தொடுதிரைப் பட்டையை வைத்ததும் அதே ஆண்டுதான். அந்த ஆண்டு குழுவில் யாரோ விசைகள்மேல் தீராத கோபத்தில் இருந்திருக்க வேண்டும்.)

எழுபத்தைந்து பாகையில் பிடித்துக்கொள்ளவும்

புகார்கள் முதலில் உதிரி உதிரியாக வந்தன. ஆப்பிளின் உதவிப் பக்கத்தில் ஒரு செய்முறை வெளியானது. கணினியை 75 பாகை சாய்வில், அதாவது ஏறக்குறைய செங்குத்தாக, ஒரு கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். மறுகையில் அழுத்தக் காற்று டப்பா. அதன் குழல் முனையை விசைகளிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து, இடமிருந்து வலமாகக் காற்றடித்துக்கொண்டே போக வேண்டும். பிறகு கணினியை வலப்பக்கமாகத் திருப்பி மறுபடியும். பிறகு இடப்பக்கமாகத் திருப்பி இன்னொரு முறை. ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள கருவிக்கு அதைச் செய்த நிறுவனமே பரிந்துரைத்த பராமரிப்பு இது. பூச்சி மருந்து அடிப்பவரின் கைப்பழக்கம் இருந்தால் நல்லது.

2017 அக்டோபரில் 'தி அவுட்லைன்' தளத்தில் கேசி ஜான்ஸ்டன் என்ற பத்திரிகையாளர் எழுதிய கட்டுரைதான் உதிரிப் புகார்களை ஒரு பொதுப் பிரச்சினையாக்கியது. அவருடைய ஸ்பேஸ் பார் ஒருமுறை அழுத்தினால் இரண்டு இடைவெளி விட்டது. கடைக்குக் கொண்டுபோனார். ஊழியர் பரிசோதித்துவிட்டு, ஒருவேளை தூசியாக இருக்கலாம் என்றார். ஒரே ஒரு தூசித் துகள் கணினி முழுவதையும் முடக்கிவிட்டால் அது ஒரு பிரச்சினை இல்லையா என்று ஜான்ஸ்டன் கேட்டார். 700 டாலர் கணக்கும் அந்தக் கட்டுரையில்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழுது என்னவோ தூசி. அதை வெளியே எடுத்தால் போதும். அதற்கு விசையின் மேல்மூடியைக் கழற்ற வேண்டும். மூடியைப் பிடித்திருக்கும் கொக்கிகள் நகக்கீற்றைவிடச் சிறியவை; கழற்றும்போதே ஒடியக்கூடியவை. ஸ்பேஸ் பாரைச் சேதமில்லாமல் எடுப்பது பயிற்சி பெற்றவர்களுக்கே சவால். மூடி உடைந்தால் புது மூடி வேண்டும். இறகு உடைந்தால் புது இறகு வேண்டும். இறகைப் பிடித்திருக்கும் அடித்தளம் உடைந்தால் விசைப்பலகையையே மாற்ற வேண்டும். விசைப்பலகை கூட்டோடு ரிவிட் அடிக்கப்பட்டிருப்பதால் கூட்டையும் மாற்ற வேண்டும். கூட்டில் பேட்டரி ஒட்டியிருப்பதால் அதையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் மேலே ஏற ஒரு நியாயம் இருக்கிறது, இறங்கத்தான் வழியில்லை.

மடிக்கணினி என்றாலே அப்படித்தான் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆப்பிளே முன்பு அப்படிச் செய்யவில்லை. 2003 முதல் 2006 வரை விற்ற ஐபுக் ஜி4 கணினியில், மேல் வரிசை விசைகளுக்கு இடையே இரண்டு சின்னத் தாழ்கள் இருக்கும். அவற்றைக் கீழ்ப்புறமாக இழுத்தால் விசைப்பலகை முழுவதும் கையோடு வந்துவிடும். நினைவகத்தைக் கூட்டவோ வைஃபை அட்டை பொருத்தவோ வாங்கியவரே அதைத் தூக்கிக்கொள்ளலாம் என்றுதான் கையேட்டிலும் இருந்தது. 2011இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி420 கணினியின் அடிப்பக்கத்தில் விசைப்பலகைச் சின்னம் பொறித்த ஓரிரு திருகாணிகள் இருக்கும். கழற்றி, முன்னால் தள்ளி, தூக்கி, ஒரு பட்டை ஒயரைப் பிடுங்கினால் வேலை முடிந்தது. சென்னை ரிச்சி தெருவில் நின்றுகொண்டே மாற்றி வாங்கிப் போகிற வேலை.

ஆப்பிள் பாதை மாறியது 2012இல், ரெடினா திரை கொண்ட மேக்புக் புரோவில். பேட்டரியை மேற்கூட்டில் பசையால் ஒட்டினார்கள். பழுதுநீக்கும் கையேடுகள் வெளியிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் அதைப் பிரித்துப் பார்த்துப் பத்துக்கு ஒன்று மதிப்பெண் போட்டது. 2016இன் தொடுதிரைப் பட்டை மாதிரிக்கும் அதே ஒன்று. நான்காண்டுக் காலம் அந்தப் பசையால் பெரிய தொல்லை வெளியே தெரியவில்லை. ஏனென்றால் அந்தக் கூட்டில் இருந்த கத்தரி அமைப்பு விசைகள் எளிதில் பழுதாகவில்லை. நல்ல விசை இருந்தவரை பசை ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. விசை கெட்டதும் பசையின் விலை மொத்தமும் வெளியே வந்தது.

'சிறு சதவீதம்'

2018 ஏப்ரல் இறுதியில் ஆப்பிள்இன்சைடர் தளம் சில சேவை மையங்களின் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டது. 2014, 2015 மாதிரிகளோடு ஒப்பிட்டால் 2016 மேக்புக் புரோவின் விசைப்பலகை முதல் ஆண்டில் இரண்டு மடங்கு பழுதாகிறது என்பது அதன் முடிவு. மே மாதம் கலிபோர்னியா வடக்கு மாவட்ட நீதிமன்றத்தில், வாங்கிய எல்லோர் சார்பிலும் கூட்டு வழக்காக நடத்தக் கோரி வழக்கு தொடரப்பட்டது. ஜூன் 22 அன்று ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கும் திட்டத்தை அறிவித்தது. எழுத்துகள் தாமாக இரட்டித்தல், எழுத்துகள் விழாமல் போதல், விசை ஒட்டிக்கொள்ளுதல் ஆகிய மூன்று கோளாறுகளுக்கும், கணினி முதலில் விற்ற நாளிலிருந்து நான்கு ஆண்டுகள் வரை கட்டணமில்லை. முன்பே காசு கட்டியவர்கள் திரும்பப் பெறலாம்.

நியாயமான திட்டம்தான். ஆனால் அறிவிப்பில் இருந்த ஒரு சொற்றொடர் கடைசிவரை விடாமல் தொடர்ந்தது. விசைப்பலகைகளில் 'சிறு சதவீதத்தில்' மட்டுமே இந்தக் கோளாறு தென்படலாம் என்றார்கள்.

அந்தக் கணக்கின் மறுபக்கத்தைக் காட்டியவர் பேஸ்கேம்ப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் டேவிட் ஹைன்மையர் ஹான்சன். 2019 மார்ச்சில் தம் நிறுவனத்தில் மேக்புக் பயன்படுத்தும் 47 பேரிடமும் விசாரித்தார். 30 சதவீதம் பேருக்கு அந்த நேரத்திலேயே ஏதாவது ஒரு விசையில் தொல்லை இருந்தது. பெரும்பாலானோர் ஆப்பிளிடம் போகவே இல்லை. கணினியைச் சில நாட்கள் கொடுத்துவிட்டு வேலையில்லாமல் உட்கார முடியாது என்பதால் சகித்துக்கொண்டார்கள் என்பது அவர் வாதம். நிறுவனத்தின் கணக்கில் ஏறுவது கடை வாசல்வரை வந்த பழுதுகள் மட்டும்தான். பழுதுநீக்குவது எவ்வளவு பெரிய வேலையோ அவ்வளவுக்கு வருகிறவர்கள் குறைவார்கள். வருகிறவர்கள் குறைந்தால் சதவீதமும் சிறியதாகத் தெரியும். ஒரு விசையைச் சரிசெய்யப் பாதிக் கணினியைப் பிரிக்க வேண்டிய அமைப்பு, அந்தக் கோளாறின் அளவையே நிறுவனத்தின் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. வடிவமைப்பாளர்கள் இதைத் திட்டமிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. திட்டமிடாமலேயே நடக்கக்கூடியது என்பதுதான் இதில் கவலைக்குரிய செய்தி.

சகித்துக்கொண்டவர்கள் செய்த வைத்தியங்களில் ஒன்று 'அன்ஷேக்கி' என்ற இலவச மென்பொருள். ஒரு விசை சில மில்லிவினாடி இடைவெளியில் இரண்டாம் முறை அழுத்தப்பட்டதாகத் தெரிந்தால், இரண்டாவதை அது விழுங்கிவிடும். எஃகுக் குமிழின் கோளாறை நிரலால் மறைத்த இந்த ஒட்டுவேலைக்கு நல்ல வரவேற்பு இருந்தது.

ஓசை குறைந்ததாம்

2018 ஜூலையில் மூன்றாம் தலைமுறை வந்தது. ஆப்பிள் சொன்ன ஒரே மாற்றம்: இது சத்தம் குறைவானது. தூசிக் கோளாறைத் தீர்க்கவா என்று கேட்ட செய்தியாளர்களிடம், இல்லை என்று பதில் வந்தது.

ஐஃபிக்ஸிட் பிரித்துப் பார்த்தது. ஒவ்வொரு விசை மூடியின் அடியிலும் இறகைச் சுற்றி ஒரு மெல்லிய சிலிக்கோன் சவ்வு. சத்தம் குறைக்க அது உதவியிருக்கலாம். ஆனால் ஆப்பிள் 2016இல் விண்ணப்பித்து 2018 மார்ச்சில் வெளியான காப்புரிமை ஆவணம் ஒன்று, விசைப்பலகைக்குள் துகள் புகாமல் தடுக்கும் வழிகளையே பேசியது. அந்தச் சவ்வை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சோதிக்க ஐஃபிக்ஸிட் ஆட்கள் வண்ணப்பொடியை விசைகள்மேல் தூவி அழுத்தினார்கள். புதிய விசைப்பலகையில் பொடி சவ்வின் ஓரத்தில் கோடாகத் தங்கி நின்றது. நடுவில் இருந்த இறகும் குமிழும் சுத்தமாக இருந்தன. முந்தைய ஆண்டின் விசைப்பலகையில் பொடி நேராக உள்ளே இறங்கிவிட்டது. அதோடு நிற்காமல் மணலையும் போட்டுப் பார்த்தார்கள். மணல் புதிய சவ்வையும் தோற்கடித்தது.

அதே மாதம் ஆப்பிளின் உள்சுற்று ஆவணம் ஒன்று மேக்ரூமர்ஸ் தளத்தின் கையில் சிக்கியது. சேவை மையங்களுக்கான அந்தக் குறிப்பில், துகள் உள்ளே போகாமல் தடுக்கவே சவ்வு என்று தெளிவாக எழுதியிருந்தது. வெளியே ஒரு பேச்சு, உள்ளே ஒரு பேச்சு. வழக்கு நிலுவையில் இருக்கும்போது 'கோளாறைத் திருத்தினோம்' என்று சொன்னால் கோளாறு இருந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற அச்சம் காரணமாக இருக்கலாம். சட்டத்துறையின் கண்ணோட்டத்தில் அது புத்திசாலித்தனம். விலை கொடுத்து வாங்குகிறவருக்கு, புதியதை நம்பலாமா கூடாதா என்பதற்கான ஒரே தகவல் அதனால் இல்லாமல் போனது.

இதைவிட மோசமானது வேறொன்று. பழைய மாதிரியில் பழுது என்று கொண்டுபோனவர்களுக்கு, மாற்றாகப் போட்டுத் தந்ததும் அந்த மாதிரிக்கான அதே பட்டாம்பூச்சி அமைப்புதான். பழுதுநீக்குவது என்றால் கோளாறு தீர்வது என்று நாம் நினைக்கிறோம். இங்கே கோளாறுள்ள உறுப்பை எடுத்துவிட்டு அதே வார்ப்பில் வந்த இன்னோர் உறுப்பை வைத்தார்கள். அடுத்த தூசிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். மேற்கூட்டை இரண்டு, மூன்று முறை மாற்றியவர்கள் இருந்தார்கள். பின்னால் வந்த சமரசத் தொகையிலேயே 'இரண்டோ அதற்கு மேலோ' என்று தனிப் பிரிவு வைக்க வேண்டிய அளவுக்கு இருந்தார்கள்.

இதில் ஒரு கோமாளித்தனமான நன்மையும் உண்டு. மேற்கூட்டோடு பேட்டரியும் வருவதால், மூன்றரை ஆண்டு ஓடிக் களைத்த கணினிக்கு இலவசமாகப் புதுப் பேட்டரி கிடைத்தது. திட்டத்தின் காலம் முடிவதற்குச் சற்று முன் விசை சிக்கினால் அதிர்ஷ்டம் என்று பயனர்கள் பேசிக்கொண்டார்கள். நல்ல நிலையில் இருந்த எத்தனையோ அலுமினியக் கூடுகளும் பேட்டரிகளும் ஒரு விசைக்காகக் கழற்றி எடுக்கப்பட்டன என்பது அதன் இன்னொரு முகம்.

மன்னிப்பும் பின்வாங்கலும்

2019 மார்ச் 27 அன்று 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்தியாளர் ஜோவன்னா ஸ்டெர்ன், தம் மேக்புக் ஏரில் ஆங்கில ஈ, ஆர் விசைகள் சரியாக விழாததைக் காட்ட, அந்த எழுத்துகள் இல்லாமலேயே ஒரு பத்தியை வெளியிட்டார். விட்டுப்போன எழுத்துகள் வேண்டுமா என்று வாசகரே சொடுக்கித் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சவ்வு பொருத்திய மூன்றாம் தலைமுறை அது. நகைச்சுவையாகச் செய்தாலும், அதுவரை வராத ஒன்றை அந்தப் பத்தி வரவழைத்தது. சிறு எண்ணிக்கையிலான பயனர்களுக்குத் தொல்லை இருப்பதை அறிவோம், அதற்காக வருந்துகிறோம் என்று ஆப்பிள் அறிக்கை தந்தது. சிறு எண்ணிக்கை என்பதை மட்டும் அப்போதும் விடவில்லை.

மே 21 அன்று நான்காவது முயற்சி. சவ்வின் பொருளையும் குமிழையும் மாற்றினார்கள். அன்றைக்கே, அன்று விற்பனைக்கு வந்த கணினியையும் சேர்த்து, பட்டாம்பூச்சி விசைப்பலகை உள்ள எல்லா மாதிரிகளையும் இலவசப் பழுதுநீக்கும் பட்டியலில் ஏற்றினார்கள். விற்பனைக்கு வந்த நாளிலேயே பழுதுத் திட்டத்தில் இடம்பிடித்த கணினி வேறு ஏதும் எனக்கு நினைவில்லை. அதை நேர்மை என்றும் எடுத்துக்கொள்ளலாம், கைவிட்டுவிட்டதன் அடையாளம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

கைவிட்டது நவம்பரில் உறுதியானது. 16 அங்குல மேக்புக் புரோ கத்தரி அமைப்போடு வந்தது. விசை இறங்கும் தூரம் ஒரு மில்லிமீட்டர். எஸ்கேப் விசையும் திரும்பி வந்தது. 2020 மார்ச்சில் மேக்புக் ஏர், மே மாதம் 13 அங்குலப் புரோ என்று வரிசையாக எல்லாம் மாறின. கணினியின் தடிமன் எவ்வளவு கூடியது என்று பார்த்தால் சிரிப்பு வரும். 13 அங்குலப் புரோ 14.9 மில்லிமீட்டரிலிருந்து 15.6 ஆனது. இந்த 0.7 மில்லிமீட்டருக்காகத்தான் இத்தனை பாடும்.

நீதிமன்றத்தில் கிடைத்ததும் கிடைக்காததும்

சான் ஹோசேயில் நீதிபதி எட்வர்ட் டேவிலா முன் வழக்கு நடந்தது. 2021 மார்ச்சில் அதைக் கூட்டு வழக்காக அவர் அங்கீகரித்தார். அந்த வழக்கின் ஆவணங்களில் ஆப்பிள் அதிகாரி ஒருவரின் உள்கடிதம் இடம்பெற்றிருந்தது. பன்றிக்கு எவ்வளவு உதட்டுச்சாயம் பூசினாலும் அதன் அவலட்சணம் போகாது என்ற பொருளில் இந்த விசைப்பலகையைப் பற்றி எழுதியிருந்தார். வெளியே 'சிறு சதவீதம்', உள்ளே பன்றி.

2022 ஜூலையில் 5 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. ஆப்பிள் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. இத்தகைய சமரசங்களில் ஒப்புக்கொள்வதும் வழக்கமில்லை. மேற்கூட்டை இரண்டோ அதற்கு மேலோ முறை மாற்றியவர்களுக்கு அதிகபட்சம் 395 டாலர், ஒருமுறை மாற்றியவர்களுக்கு 125 வரை, விசை மூடி மட்டும் மாற்றியவர்களுக்கு 50 வரை. கலிபோர்னியா, நியூயார்க், புளோரிடா, இல்லினாய், நியூ ஜெர்சி, வாஷிங்டன், மிச்சிகன் ஆகிய ஏழு மாநிலங்களில் வாங்கியவர்களுக்கே இந்தப் பணம். சென்னையிலோ கொழும்பிலோ கோலாலம்பூரிலோ அதே கணினியை அதைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கியவருக்கு இதில் பங்கில்லை. பணம் கைக்கு வரத் தொடங்கியது 2024 ஆகஸ்டில். முதல் பட்டாம்பூச்சி விசை மேடையேறி ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

வழக்கு விசையைப் பற்றியது. கூட்டோடு ஒட்டிய பசையைப் பற்றி எந்தத் தீர்ப்பும் வரவில்லை. அது அப்படியே நீடித்ததை 2022 ஆகஸ்டில் எல்லோரும் பார்த்தார்கள். வாங்கியவர்களே பழுது நீக்கிக்கொள்ளும் திட்டத்தை ஆப்பிள் அப்போது மடிக்கணினிகளுக்கும் விரித்தது. மேக்புக் புரோவுக்குப் பேட்டரி வாங்கப் போனால், கிடைத்த உதிரிபாகத்தின் பெயர் 'பேட்டரியும் விசைப்பலகையும் சேர்ந்த மேற்கூடு'. இந்த முறை விசைகள் நன்றாகத்தான் இருந்தன. பேட்டரி தேய்ந்ததற்கு நல்ல விசைப்பலகையைக் கழற்றிப் போட வேண்டியிருந்தது. பழைய கதையைத் தலைகீழாகப் படித்தது போலத்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி ஒழுங்குமுறை இந்த முடிச்சை நேரடியாகத் தொடுகிறது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்ற விதி 2027 பிப்ரவரி 18 முதல் நடப்புக்கு வருகிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையவாசலைத் தொடங்கியது. கையேடுகளும் சேவை மைய விவரங்களும் ஓரிடத்தில் கிடைப்பது நல்லதுதான். ஆனால் கையேடு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ரிவிட்டைக் கழற்றிவிடாது.

மறுமுனையில், 2021இல் விற்பனைக்கு வந்த ஃபிரேம்வொர்க் மடிக்கணினி. ஐந்து திருகாணிகளைத் தளர்த்தினால் மேல்மூடி விசைப்பலகையோடு காந்தப் பிடிப்பிலிருந்து விடுபட்டு வரும். விசைப்பலகையை மட்டும் தனியே பிரிக்க வேண்டுமென்றால் டஜன் கணக்கில் பொடித் திருகாணிகளைக் கழற்ற வேண்டும். சலிப்பூட்டும் வேலை, ஒன்றிரண்டு கீழே விழுந்து காணாமலும் போகும். இருந்தாலும் அது ஒரு மதிய நேரத்து வேலைதான். பேட்டரி அதன் இடத்திலேயே இருக்கும்.

பழைய கணினி வாங்குவோருக்கு

இந்தக் கணினிகள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் இன்னும் சுற்றுகின்றன. வெளித்தோற்றம் பளபளப்பாக இருக்கும்; விலையும் மலிவாக இருக்கும். 12 அங்குல மேக்புக்கில் 2015 முதல் 2017 வரை, மேக்புக் புரோவில் 2016 முதல் 2019 வரை (16 அங்குலம் நீங்கலாக), மேக்புக் ஏரில் 2018, 2019 மாதிரிகளில் இருப்பது பட்டாம்பூச்சி விசைப்பலகை. நான்காண்டுச் சலுகைக் காலம் எல்லாம் முடிந்துவிட்டது. 2020இல் புதிதாக வாங்கியவருக்கே 2024இல் முடிந்துவிட்டது. இனிச் செலவு வாங்குகிறவருடையது.

விற்பவர் கணினியை இயக்கிக் காட்டும்போது திரையையும் பேட்டரியையும் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். எழுதும் செயலி ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு விசையையும் மெதுவாகப் பலமுறை அழுத்திப் பாருங்கள். நடுவில் அழுத்துங்கள், நான்கு மூலைகளிலும் அழுத்துங்கள். ஸ்பேஸ் பாரை இரு முனையிலும் அழுத்துங்கள். கணினி குளிர்ந்திருக்கும்போது ஒருமுறையும் சற்று நேரம் ஓடிச் சூடான பிறகு ஒருமுறையும் செய்யுங்கள். ஒரே ஓர் எழுத்து இரட்டித்தாலும் அதைச் சின்ன விஷயம் என்று விற்பவர் சொல்வார். பேரம் பேசுவதற்கு முன், அந்த மாதிரியின் மேற்கூடு என்ன விலை என்று உங்கள் பழுதுக்கடைக்காரரிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.